பொறி தட்டும் வேளை

மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் அநேகமாக அதன் வெளித்தோற்றத்தையும், வேகத்தையும், அதில் ஏறி ஊர்வலம் வந்த மகாராஜாக்களின் வைபவத்தையும் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிச் செல்கிறார்களேயன்றி, சிலிண்டருக்குள் அடைபட்ட பெட்ரோல் ஆவிக்கு நெருப்பு வைக்கும் அந்த ஒரு க்ஷணத்தை நிச்சயிக்கும் அதிகாரம் யாருடையது என்ற வழக்கு ஏறக்குறைய நூறாண்டு காலம் நடந்து வந்ததைக் கவனிப்பதில்லை. ஆதியில் அந்த அதிகாரம் எவர் கையிலும் இல்லை. பின்பு காரோட்டியின் இடது கைக்கு வந்தது. அங்கிருந்து பட்டறை மெக்கானிக்கின் விரலுக்கும் காதுக்கும் சென்றது. இன்று மனிதர் எவரையும் கேளாமல் ஒரு சிறு மின்னணுப் பெட்டி அதைச் செலுத்துகிறது. பழைய கார்களைப் போஷித்து வருகிறவர்கள் மட்டும் இன்னும் மூன்றாவது கட்டத்திலேயே வாழ்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தச் சரித்திரத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

விஷயம் கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். பிஸ்டன் மேலே ஏறி ஆவியை நெருக்குகிறது. அது உச்சியை, அதாவது பட்டறையில் ‘டாப்’ என்று சொல்லும் இடத்தை, அடைந்ததும் பொறி தட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பெட்ரோல் ஆவி ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் முனையில் பற்றிய தீ நாற்புறமும் பரவி முழுவதும் எரிந்து தீர்வதற்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பாகமாவது பிடிக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் கிராங்க் தண்டு வினாடியின் ஆயிரத்திலொரு பாகத்துக்குள் 18 பாகை திரும்பிவிடுகிறது. 600 சுற்றில் மெதுவாக ஓடும்போதோ அதே நேரத்தில் நாலு பாகைகூடத் திரும்புவதில்லை. எரிந்த ஆவியின் அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 பாகை அளவு இறங்கிய இடத்தில் உச்சநிலை அடைந்தால்தான் முழுப் பலனும் கிடைக்கும். பந்தி வைக்கும் நேரத்துக்குச் சாதம் வெந்திருக்க வேண்டுமானால் அடுப்பை முன்னதாக மூட்ட வேண்டும். அரிசி வேகும் நேரம் மாறாதாகையால், பந்தி முன்னே வரவர அடுப்பு மூட்டும் நேரமும் முன்னே போகத்தானே வேண்டும்? அதுபோலவே, வேகம் ஏற ஏறப் பொறியும் முன்னே செல்ல வேண்டும். மிக முந்திவிட்டால் எரியும் ஆவி மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனையே எதிர்த்து அடிக்கும். பிந்திவிட்டால் வேலையாக மாற வேண்டிய வெப்பம் வீணே சைலன்ஸர் வழியாக வெளியேறி, வண்டியைச் சோர வைத்து எஞ்சினையும் கொதிக்க வைக்கும்.

இந்த நுணுக்கத்தை ஆரம்பகால யந்திரங்களில் நாடவே வழியில்லை. 1885-ஆம் ஆண்டை ஒட்டிக் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் உருவாக்கிய எஞ்சினில் பொறியே கிடையாது. ஒரு சிறு உலோகக் குழாயின் மூடிய முனை சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு விளக்கின் சுவாலை சதா பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருக்கும். நெருக்குண்ட ஆவி அந்தக் குழாய்க்குள் புகுந்ததும் தானே பற்றிக்கொள்ளும். எப்போது பற்றும் என்பதைக் குழாயின் நீளமும் சூடும் தீர்மானித்தனவே தவிர, ஓட்டுகிறவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காற்று பலமாக வீசினால் விளக்கு அணையும். வண்டி கவிழ்ந்தால் அதே விளக்கு வண்டியையே கொளுத்தும். மான்ஹைமில் இருந்த கார்ல் பென்ஸ் முதலிலிருந்தே மின்சாரத்தை நம்பினார். 1886 ஜனவரி 29-இல் அவர் உரிமை பதிவு செய்த மூன்று சக்கர வண்டியில் பாட்டரியும் காயிலும் பொறி தந்தன. ஆனால் அக்காலப் பாட்டரி அதிக தூரம் தாங்கவில்லை. 1895-இல் பிரான்ஸில் டி தியோன் பூத்தோன் நிறுவனத்தார் மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துப் பொறி தரும் தொடுமுனையைத் தங்கள் சின்னஞ்சிறு எஞ்சினில் பொருத்திய பிறகே, அது நிமிஷத்துக்கு 1,500 சுற்றுகளை எட்டியது. காய்ச்சிய குழாயை நம்பிய எஞ்சின்கள் அதில் பாதி வேகத்திலேயே தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தன. நேரம் வசப்பட்டால்தான் வேகமும் வசப்படும் என்பது அன்றைக்கு நிரூபணமாயிற்று.

பாட்டரியின் தொல்லையை நீக்கியது, காந்தத்தைக் கொண்டு தானே மின்சாரம் உண்டாக்கும் மாக்னெட்டோ. ஸ்டுட்கார்ட் நகரில் 1886-இல் ஒரு சிறு பட்டறை தொடங்கிய ராபர்ட் போஷ், மறு வருஷமே நிலையான எஞ்சின்களுக்கு அதைச் செய்துகொடுக்கலானார். 1897-இல் பிரடெரிக் சிம்ஸ் என்பவரின் வேண்டுகோளின்படி அது டி தியோன் மூன்று சக்கர வண்டி ஒன்றுக்குத் தகுந்தவாறு மாற்றியமைக்கப்பட்டது. 1902-இல் போஷிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்து அளித்தார். அது முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவின் நல்ல கார்கள் யாவும் அநேகமாக அந்த ஒரே பட்டறையை நம்பி ஓடின. 1914-இல் யுத்தம் மூண்டபோது, தன் லாரிகளுக்கும் ஆகாய விமானங்களுக்கும் வேண்டிய மாக்னெட்டோ பெரும்பாலும் எதிரியின் தேசத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது என்று கண்டு இங்கிலாந்து திகைத்தது. பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனி அவ்வருஷமே தாம்ஸன் பென்னெட் என்ற சிறு மாக்னெட்டோ தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. பின்னாளில் நம் சென்னைப் பட்டறைகளில் எல்லாம் லூகாஸ் பெயர் பொறித்த டிஸ்ட்ரிபியூட்டர்கள் நிறைந்ததற்கு அந்த யுத்தமும் ஒரு காரணம் என்று சொல்வது மிகையாகாது.

பொறியின் வேளையை நிச்சயிக்கும் உரிமை காரோட்டியின் கைக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உற்பத்தியான ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. காலால் அழுத்தும் ஆக்ஸிலரேட்டர் அதில் இல்லை. வலப்புற நெம்புகோல் பெட்ரோலுக்கு, இடப்புற நெம்புகோல் பொறிக்கு. ஃப்ளைவீலிலேயே பதித்த 16 காந்தங்கள் மின்சாரம் தந்தன; நாலு மரப்பெட்டிகளுக்குள் இருந்த நாலு காயில்கள் சிள்வண்டு போல் இரைந்து பொறி பொழிந்தன; கேம் தண்டின் முனையில் சுழன்ற ‘டைமர்’ எந்தச் சிலிண்டருக்கு எப்போது என்பதைப் பங்கிட்டது. இடப்புற நெம்புகோலைக் கீழே இழுத்தால் டைமரின் கூடு திரும்பிப் பொறி முந்தும். மேலே தள்ளினால் பிந்தும். சமதரையில் வேகம் பிடிக்கும்போது கீழே இழுக்கவும், மேட்டில் எஞ்சின் திணறும்போது மேலே தள்ளவும் தெரிந்தவனே ஓட்டத் தெரிந்தவன். கண்ணுக்குத் தெரியாத ஒரு தீயின் நடையைக் காதினாலும் உடம்பில் உணரும் அதிர்வினாலும் கணித்துக்கொண்டே போவது லேசான காரியமல்ல. அக்காலத்து ஷோபர்களுக்கு இருந்த கௌரவத்துக்கும் மிடுக்குக்கும் அவர்களுடைய தொப்பியும் பித்தளைப் பொத்தானும் மட்டும் காரணமாயிருக்க முடியாது.

அந்த அதிகாரத்தைப் பிரயோகிக்கத் தவறியதற்குத் தண்டனையும் உடனே கிடைத்தது. எஞ்சினைக் கிளப்ப ஹாண்டிலைப் போட்டுச் சுற்றும் முன் பொறியின் நெம்புகோலை முற்றும் மேலே தள்ளிவைக்க வேண்டும். மறந்துவிட்டால், மெதுவாக ஏறும் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு நெடுநேரம் முன்பே ஆவி பற்றிக்கொண்டு, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்க, ஹாண்டில் சுற்றுகிறவரின் மணிக்கட்டை முறித்துவிடும். மருத்துவ சாஸ்திரம் அந்த முறிவுக்குக் காரோட்டியின் பெயரையே சூட்டிவிடும் அளவுக்கு அது பெருகியிருந்தது. இடது கையால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு, மேல்நோக்கி மட்டுமே இழுக்க வேண்டும் என்ற விதி அனுபவத்தினால் வந்தது. இன்றும் பழைய கார் வைத்திருப்பவர் ஹாண்டிலைத் தொடும்போது அதையே அனுசரிக்க வேண்டும். இதற்கு நேர்மாறான ஒரு விநோதமும் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் ‘சில்வர் கோஸ்ட்’ காரில் மாக்னெட்டோவோடு தனியே பாட்டரிக் காயிலும் இருந்தது. எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரமே ஆகியிருந்தால், ஆறு சிலிண்டர்களில் ஏதேனும் ஒன்றில் எரியாத ஆவி தங்கி, பிஸ்டனும் உச்சியைத் தாண்டி நிற்கும். அப்போது காயிலின் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலிருந்த பொறி நெம்புகோலைச் சற்று அசைத்தால், ஹாண்டிலைத் தொடாமலே எஞ்சின் புறப்பட்டுவிடும். பார்த்தவர்கள் மாயவித்தை என்றே நினைத்திருப்பார்கள்.

காரோட்டியிடமிருந்து உரிமையைப் பறித்தவர் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். அவர் 1909-இல் ‘டெல்கோ’ என்ற கம்பெனியைத் தொடங்கி, தொடுமுனையும் காயிலும் கண்டன்ஸரும் கொண்ட புதிய ஏற்பாட்டை 1910-ஆம் வருஷத்து காடிலாக் கார்களுக்குக் கொடுத்தார். 1912-இல் அதே காரில் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்துவிடவே, ஹாண்டிலின் ஆட்சிக்கு அந்திமக்காலம் நெருங்கியது. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைகள் சுழலும். வேகம் ஏற ஏற அவை ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு விலகி, கேமை முன்னே திருப்பிப் பொறியை முந்தச் செய்யும். 1930-களில் இதனோடு ‘வாக்குவம்’ என்ற தோல்தகடும் சேர்ந்தது. பளு இல்லாமல் சமதரையில் ஓடும் எஞ்சினில் ஆவி ஐதாக இருப்பதால் மெல்ல எரியும்; ஆகவே பொறி இன்னும் முந்தலாம்; மேட்டில் காலை அழுத்தினால் அந்தச் சலுகை உடனே ரத்தாகும். ஷோபர் தன் அறிவினால் செய்ததை இரண்டு எடையும் ஒரு தோல்தகடும் செய்யலாயின. ஃபோர்டு கம்பெனி 1928-ஆம் வருஷத்து ‘மாடல் ஏ’ வரை நெம்புகோலை விடாமல் வைத்திருந்தது. ஆனால் அந்தக் காரின் முன்மூடியில் ஒரு சிறு ஊசி திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றித் திருப்பி உள்ளே செலுத்தி, எஞ்சினை மெல்லச் சுற்றினால், பல்சக்கரத்திலுள்ள ஒரு குழியில் அது விழும் இடமே முதல் பிஸ்டனின் டாப். அதைக் காட்டிலும் நேர்த்தியான உபாயத்தை நான் எந்தக் காரிலும் கண்டதில்லை.

கெட்டரிங்கின் கண்டுபிடிப்பு ஒரு விபரீதத்துக்கும் வித்திட்டது. எஞ்சினில் ‘டங் டங்’ என்று கேட்ட நாக்கிங் சத்தத்துக்கு அவருடைய மின்பொறிதான் காரணம் என்று சிலர் பழி சுமத்தினர். அதைப் பொய்ப்பிக்கத் தொடங்கிய ஆராய்ச்சியில், குற்றம் பொறியினுடையது மட்டுமல்ல, பெட்ரோலினுடையதும் என்பது புலப்பட்டது. அவரிடம் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பர் 9-இல் ஈயம் கலந்த ஒரு திரவத்தின் சில துளிகள் அந்தச் சத்தத்தை அடக்குவதைக் கண்டார். அதனால் எஞ்சின்களின் அழுத்தமும் சக்தியும் பெருகின. உலகத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயமும் பெருகிற்று. இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்க வேண்டும் என்ற நிலை வந்தது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான்.

இனி நம் பிரதேசத்துக்கு வருவோம். 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழிலும், கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு வளர்த்த பஸ் கம்பெனியும் தமிழ்நாட்டில் மோட்டார் பட்டறை என்ற ஒரு புதிய பள்ளிக்கூடத்தையே உண்டாக்கின எனலாம். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க லாரிச் சட்டங்களும் ஆங்கிலக் கார்களும். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனி தோன்றி எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. வண்டலூரை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வான்கார்டையும், பின்பு ஹெரால்டையும் தந்தது. வடக்கே உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாஸடர், நெடுங்காலம் தாங்கிய 1489 சி.சி. எஞ்சினோடு, ஊர் ஊராகப் பரவியது. 1961-இல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஏற்பட்டதும் டிஸ்ட்ரிபியூட்டரும் செல்ஃபும் டைனமோவும் கப்பலுக்குக் காத்திராமல் இங்கேயே கிடைக்கலாயின.

இவற்றையெல்லாம்விட, பொறியின் வேளையைப் பற்றி நம் மெக்கானிக்குகளுக்கு ஆழ்ந்த ஞானத்தைப் புகட்டியது இரண்டாவது உலக யுத்தம் என்பது என் அபிப்பிராயம். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பஸ்களின் பின்புறத்தில் பெரிய இரும்பு உருளைகள் முளைத்தன. அவற்றில் அடுப்புக் கரியைப் போட்டு எரித்து, அரைகுறையாக எரிந்த வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி, எஞ்சினுக்குள் இழுத்து ஓட்டினார்கள். டி.வி.எஸ். கம்பெனியாரே இத்தகைய காஸ் பிளான்ட்டுகளைச் செய்து கொடுத்தார்கள். புறப்படுமுன் கிளீனர் காற்றாடியைச் சுற்றி அடுப்பை ஊதியதையும், மேட்டில் பிரயாணிகள் இறங்கி நடந்ததையும் அக்காலத்துப் பிரயாணிகள் நகைச்சுவையாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் பானெட்டுக்கு அடியில் நடந்ததைச் சொன்னவர் அரியர். கரி வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன். அது எரிவதே இல்லை. மீதியில் பெரும்பங்கு கார்பன் மோனாக்ஸைடு. அது பெட்ரோல் ஆவியைவிட மிக மெதுவாக எரியும். ஆகவே பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கிலேயே, அதாவது பொறியின் வேளையிலேயே, காஸில் ஓட்டினால், ஏற்கெனவே குறைந்த சக்தி இன்னும் குறைந்து, வண்டி நகரவே மறுக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து காஸுக்கு மாற்றும் வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைக் கண்டாக வேண்டும். முழுவதும் காஸிலேயே ஓடுவதற்குப் பொறியை வெகுவாக முன்னே தள்ள வேண்டும். கம்பெனிப் புத்தகத்தில் அச்சிட்ட பாகை இங்கே செல்லாது; கரியின் ஈரமும் வடிகட்டியின் அழுக்குமே நாளுக்கு நாள் அதை மாற்றின. எரிபொருள் மாறினால் வேளையும் மாறும் என்ற தத்துவத்தை அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. சாலையிலே தினந்தோறும் கண்டுகொண்டார்கள். யுத்தத்துக்குப் பின் பட்டறை வைத்தவர்களிடம் அந்தக் கல்வி மிஞ்சியிருந்தது.

அவர்கள் கையாண்ட முறை இன்றும் மாறவில்லை. வேளையைத் தொடுமுன் ‘பாயிண்ட்’ என்று பட்டறையில் சொல்லும் தொடுமுனையைத் தொட வேண்டும் என்பது முதல் நியமம். பாயிண்ட்டின் இடைவெளியை அகற்றினால் அது சீக்கிரம் திறந்துகொள்ளும், பொறியும் முந்தும், குறுக்கினால் பிந்தும், ஆதலின் முதலில் டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு இடைவெளியைத் திருத்துகிறவன் தான் செய்ததைத் தானே அழிக்கிறான். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் அந்த இடைவெளி சுமார் 0.015 அங்குலம், ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் கனத்த விசிட்டிங் கார்டை வைத்தே பார்த்துவிடுவார்கள். பின்பு முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் அது நெருக்கும் அசைவு. இதைச் சோதிக்காமல் வெறும் டாப்பை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது, நாலு அசைவு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருவதனால்தான். தவறான உச்சிக்கு டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால் எஞ்சின் புறப்படாததோடு கார்புரேட்டர் வழியாகத் தும்மவும் செய்யும். புல்லியின் வெட்டை முன்மூடியின் முள்ளுக்கு நேராக நிறுத்தி, பாயிண்ட்டுக்கு வரும் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சிறு பல்பை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கே இறுக்கிவிட வேண்டும். பல்பும் இல்லாதபோது சிகரெட் தாளை பாயிண்ட்டுகளுக்கு நடுவே செருகி லேசாக இழுத்துக்கொண்டே திருப்புவார்கள். தாள் விடுபடும் இடமே பொறியின் இடம். பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இதற்கென்றே ஒரு திருகுக் குமிழ் உண்டு. ஒரு புறம் முன்னேற்றும், மறுபுறம் பின்னிழுக்கும். அதன் உபயோகம் தெரியாமல் கிளாம்ப்பைத் தளர்த்திச் சுத்தியலால் தட்டுகிறவர்களைக் காணும்போது மனம் பதறுகிறது.

இறுதித் தீர்ப்பு சாலையில். எஞ்சின் நன்கு சூடேறிய பின், டாப் கியரில் இருபது மைல் வேகத்திலிருந்து திடீரென்று காலை முழுதும் அழுத்தினால், சிறு மணி ஒலிப்பதுபோன்ற சத்தம் ஓரிரு க்ஷணம் கேட்டு மறைய வேண்டும். கேட்கவே இல்லையென்றால் இன்னும் முன்னேற்றலாம். விடாமல் கேட்டால் பின்னிழுக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்று மெலிந்திருப்பதால் அங்கே சத்தமின்றி ஓடிய டைமிங் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் டங்காரம் செய்வதுண்டு. மலைக்கும் தரைக்கும் போய்வரும் வண்டிகளுக்குத் தரையின் டைமிங்கையே வைக்க வேண்டும்.

கோளாறு கண்டறிவதிலும் இதே ஒழுங்குதான் நடைபெற்றது. கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று வரும் வண்டிகளில் அநேகம் மின்சாரக் கோளாறு உடையவை என்பது தொழிலில் முதிர்ந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. வண்டி மிஸ்ஸிங் அடித்தால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்ப்பார்கள்; எதைக் கழற்றியும் எஞ்சினின் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. பிளக்கின் முனை சாக்லேட் நிறமாயிருந்தால் சுகம். கருஞ்சாம்பலாயிருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையாயிருந்தால் ரிங் தேய்வு. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் ஆவியின் வறுமை, அல்லது பொறி மிகவும் முந்தியிருக்கிறது. பாயிண்ட்டில் நீலப் பொறி பறந்து, ஒரு முனையில் மேடும் மறுமுனையில் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டன்ஸர் கெட்டது என்று நிச்சயம். பாட்டரியை மாற்றிப் பூட்டியபின் பிளக்குக்குப் பொறி பலவீனமாக வந்தால், சீவிய பென்சிலின் முனையை ஒயருக்கும் பிளக்குக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பார்கள். சுடர் பிளக்கின் பக்கம் விரிந்தால் காயிலின் இணைப்பு சரி, ஒயரின் பக்கம் விரிந்தால் தலைகீழ். வாக்குவம் கேஜ் வைத்திருந்த பெரிய பட்டறைகளில் மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு அதன் முள் அசையாமல் 17 முதல் 21 அங்குலத்துக்குள் நின்றால் ஆரோக்கியம். அசையாமலே அதற்குச் சற்றுக் கீழே நின்றால் பொறி பிந்தியிருக்கிறது என்று முதலில் சந்தேகிப்பார்கள். மற்றப் பட்டறைகளில் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதே பரீக்ஷை.

யந்திரமே பொய் சாட்சி சொல்லும் இடமும் உண்டு. பல கார்களின் புல்லி இரண்டு வளையங்களும் நடுவே ரப்பருமாக அமைந்தது. ரப்பர் முதிர்ந்து நழுவினால் வெளிவளையத்தில் வெட்டிய குறி இடம் மாறிவிடும். டைமிங் லைட்டின் ஒளியில் அந்தக் குறி முள்ளுக்கு நேராக ஜ்வலிக்கும். எஞ்சினோ மந்தமாக ஓடும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் குறி ஓரிடத்தில் நில்லாமல் நடுங்கும். டைமிங் செயின் தளர்ந்திருந்தாலும் அப்படியே. இவற்றின் காரணத்தைக் கருவி காட்டாது. கருவியைச் சந்தேகிக்கும் புத்தியே காட்டும். கருவியைவிடக் காது உயர்ந்தது என்று கொண்டாடும் கட்சியில் நான் சேரவில்லை. ஆனால் புல்லியின் குறியையும் புத்தகத்தின் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவரைவிட, பிளக்கைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, இரண்டும் ஒத்துவராதபோது குறியையே விசாரணைக்கு இழுக்கிறவர் மேலானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1970-களில் அமெரிக்கக் கார்களில் பாயிண்ட் மறைந்து மின்னணுச் சாதனம் வந்தது. அதன்பின் டிஸ்ட்ரிபியூட்டரே மறைந்து, நாக்கிங்கைக் கேட்கும் செயற்கைக் காது ஒன்றையும் எஞ்சினிலேயே பொருத்திவிட்டார்கள். பழைய கார்களுக்கும் பாயிண்ட்டை அகற்றிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொருத்தும் மின்னணுத் தகடு கிடைக்கிறது. அதைப் பொருத்துவதில் அபசாரம் ஒன்றுமில்லை. ஆனால் அது பொறியைத் தட்டுமேயன்றி வேளையை நிச்சயிக்காது. தேய்ந்த எடையும் துருப்பிடித்த ஸ்பிரிங்கும் பழையபடியே இருக்கும். எரிபொருளும் மீண்டும் மாறியிருக்கிறது. இன்று பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது நாக்கிங்கைக் குறைக்கும், ஆவியை ஐதாக்கும், பழைய ரப்பர் குழாயையும் கார்க் காஸ்கெட்டையும் அரிக்கும். 1950-இல் அச்சான புத்தகத்தின் பாகை இந்த எரிபொருளை அறியாது.

ஆகையால் பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், கார்புரேட்டரைக் கழற்றக் கை நீட்டுமுன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டின் இடைவெளியைக் காட்டும்படி கேளுங்கள், காட்டத் தெரிந்தவரிடம் மட்டும் வண்டியை விடுங்கள். கழற்றிய பழைய பாயிண்ட்டையும் கண்டன்ஸரையும் எறிந்துவிடாமல் ஒரு தகர டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுத் தகடு நடுவழியில் செத்துப்போனால் அவற்றைக் கொண்டே வீடு வந்து சேரலாம்.